காரின் உதட்டில் ஒன்பது பொட்டு

என் காரில் இரண்டே இருக்கைகள். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லும்போது கேட்பவர் கண்ணை விரிப்பார். நேரில் பார்த்ததும் சுருக்கிக்கொள்வார். எனக்கு முன்பு மூன்று பேர் ஓட்டிச் சலித்து விற்ற வண்டி அது. அதில் ஏறுவது என்று சொல்வதே தவறு. இறங்க வேண்டும். முதலில் பின்புறத்தைக் கீழே விட்டு, பிறகு தலையைக் குனிந்து, கடைசியில் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வருவது எப்படி என்பதை என் தெருக்காரர்கள் உங்களுக்கு நடித்தே காட்டுவார்கள்.

ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். தினமும் கடல் பாலத்தைக் கடந்து, அந்தக் கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறேன். அங்கே என் வேலை, வருகிற பாகங்களில் ஓட்டைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. ஒரு தலைமயிர் அளவு விலகியிருந்தாலும் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டி ஓரமாக வைத்துவிடுவேன். சிவப்புப் பொட்டு என்றால் தேறவில்லை என்று பொருள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

ஸ்பிளிட்டர் என்பது காரின் முன் பம்பருக்கு அடியில் முறம் போல நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புப் பலகை. பட்டறைக்காரர்கள் 'லிப்பு' என்பார்கள். காருக்கு அது கீழ் உதடு. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றைப் பிளந்து, காரின் மூக்கைச் சாலையோடு அழுத்திப் பிடிக்குமாம். காலை நெரிசலில் நான் பாலத்தைக் கடப்பதற்குள் பக்கத்து வண்டிக்காரர் பசியாறி முடித்து வாயும் துடைத்துவிடுவார். அந்த வேகத்தில் பிளப்பதற்குக் காற்று எங்கே இருக்கிறது? ஆனாலும் ஒரு காரணம் இருந்தது. கார் நிறுத்துமிடம் ஒன்றில் சிமெண்டுத் திண்டில் முட்டியதில் பம்பரின் அடிப்பகுதி பிய்ந்துபோயிருந்தது. புது உதடு வைத்தால் காயம் மறையும். அதோடு, எனக்கு ஆசை. முதல் காரணத்தை மனைவியிடம் சொன்னேன்; இரண்டாவதை அவளாகவே தெரிந்துகொண்டாள்.

"மாக் மண்டின்ல அந்த வொர்க்‌ஷாப்புல குடுங்க. அரை நாள்ல போட்டுருவாங்க" என்றாள்.

"எட்டு ஸ்க்ரூ. இதுக்குப் போயி வொர்க்‌ஷாப்பா? நானே போடுறேன்லா."

"போன தடவ நீங்களே போட்டது கிச்சன் அலமாரிக் கதவு. இன்னும் முழங்கால வெச்சுத்தான் சாத்துறேன்."

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். மனைவியின் அம்மா, என் அத்தை. மாமா போன பிறகு கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்கா பக்கத்தில் உள்ள தன் வீட்டில் தனியாக இருந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்து, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டுத் தூக்கும்படி ஆயிற்று. என் மனைவி ஒரே பெண். போய் அழைத்து வந்துவிட்டாள். "கால் சரியாகிற வரைக்கும்தான்" என்று சொல்லிக்கொண்டே அத்தை உள்ளே வந்தார்.

கால் சரியாகிவிட்டது. அதுதான் சிக்கல். "ஆயுத பூசை முடியட்டும், கெளம்பிடுறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

வந்த நாளிலிருந்து அவருடைய பழுப்பு நிறப் பை கட்டிலின் காலடியிலேயே இருந்தது. அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தோம். அது காலியாகவே இருந்தது. காலையில் பையைத் திறந்து ஒரு சேலையை எடுப்பார், உடனே ஜிப்பை இழுத்து மூடுவார். சர்ரக் என்று ஒரு சத்தம். சமையலறையில் இருக்கும் என் மனைவியின் முகம் அந்தச் சத்தத்துக்கு வாடும். பயணியர் விடுதியில் தங்குகிற ஒருவரைப் போலத்தான் அத்தை எங்கள் வீட்டில் இருந்தார். விசிறி போடவும் கேட்பார், குளிர்பெட்டி திறக்கவும் கேட்பார். "மாப்ளே, இந்த ஜன்னல சாத்தட்டுமா?" மழை உள்ளே அடித்துக்கொண்டிருக்கும்போது கேட்ட கேள்வி இது.

ஒருநாள் கார் நிறுத்தும் போர்ச்சில் நின்று என் காரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பேரு போற காடியில மூணாவது ஆளு எங்க மாப்ளே உக்கார்றது?" காரைப் பற்றித்தான் சொன்னார் என்று நான் நினைத்தேன். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு அவள் என்னிடம் சொன்னது இதுதான். "அந்த பாத்ரூமுக்கு அம்மாவத் திரும்ப அனுப்ப முடியாதுங்க. நான் சொன்னா கேக்கமாட்டாங்க. நீங்க சொல்லிப் பாருங்க."

"நான் சொன்னா காடிகூட கேக்காது."

"அப்ப சொல்லாதீங்க. ஏதாச்சும் செய்ங்க."

என்ன செய்வது என்று தெரியாததால் நான் ஸ்பிளிட்டர் போடுவது என்று முடிவு செய்தேன். ஆண்களில் பலர் இப்படித்தான் என்று நினைக்கிறேன். நம்மால் ஆகாத விஷயம் ஒன்று எதிரே வந்து நின்றால் ஸ்குரு திருகியைத் தேடுவோம்.

ஆயுத பூசை அந்த வருடம் விடுமுறை நாளில் வந்தது. காலையில் உதட்டைப் பொருத்துவது, மாலையில் புது முகத்தோடு காருக்குப் பூசை போடுவது என்று திட்டம். மனைவி பூ, பொரி, சந்தனம் வாங்கப் பசாருக்குக் கிளம்பிவிட்டாள். அவள் சொல்லிவிட்டுப் போனபடி அத்தை உள்ளே கொண்டைக்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தார். நான் மரக்கட்டைகளை அடுக்கி, முன்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, காரின் அடியில் மல்லாந்து படுத்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டுக்கு வந்துவிட்டார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இரண்டே பொழுதுபோக்குகள்: செய்தி பார்ப்பது, என்னைப் பார்ப்பது.

"தம்பி, காடி உன்ன முட்டிருச்சா?"

"இல்லண்ணே, லிப்பு போடுறேன்."

"ஒழுங்கா ஓடுற காடிக்கு எதுக்கு உதடு? பேசப் போவுதா?"

வேலையில் முதல் சிக்கல், பலகையில் எங்கே துளையிடுவது என்பது. பம்பரின் அடியில் எட்டு ஸ்குரு இடங்கள் இருந்தன. அந்த எட்டுக்கும் நேராகப் பலகையில் துளை வேண்டும். பம்பரில் அந்த இடங்களில் மை தடவி, பலகையைக் கீழிருந்து அழுத்தினால் அடையாளம் பதியும் என்று காணொளியில் ஒருவர் காட்டியிருந்தார். அவரிடம் அதற்கென்று ஒரு பசை இருந்தது. என்னிடம் இல்லை. கறுப்புப் பலகையில் பேனா தெரியாது. யோசித்தபடி வீட்டுக்குள் போனேன். கண்ணாடி மேசையில் மனைவியின் சிவப்பு லிப்ஸ்டிக் இருந்தது, கல்யாண வீடுகளுக்கு மட்டும் போடுவது.

உதட்டுக்கு உதட்டுச்சாயம். இவ்வளவு பொருத்தமான ஒரு யோசனை என் வாழ்க்கையில் அதற்கு முன்பு வந்ததில்லை. தனியாகச் சிரித்துக்கொண்டே எட்டு இடங்களிலும் தடவினேன், பலகையைத் தூக்கி அழுத்தினேன், இறக்கினேன். எட்டு சிவப்பு அப்பல்கள், பின் ஓரத்தில், ஒன்று கிட்ட, ஒன்று எட்ட, கோணல்மாணலாக. பம்பரைச் செய்தவன் எங்கே ஸ்குரு வைத்தானோ அங்கே. பலகையைப் போர்ச்சில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் கிடத்தினேன்.

டிரில்லை எடுத்துப் பார்த்தால் அதன் ஊசி முறிந்து கிடந்தது. சமையலறை அலமாரியின் ஞாபகார்த்தம். முச்சந்தியில் இருந்த ஹார்ட்வேர் கடைக்குப் போய்ப் புது ஊசி வாங்கிக்கொண்டு, அங்கே இருந்தவரிடம் என் லிப்ஸ்டிக் யோசனையையும் இலவசமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பலகை அப்படியே நாற்காலிகளின் மேல் இருந்தது. சிவப்புப் பொட்டுகளும் இருந்தன. படிக்கிற கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேலைக்கான கீறல் விழுந்த பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். பொட்டுகள் வட்டமாக, அழகாக, ஒரே இடைவெளியில் நேர்கோட்டில் இருந்தன. என் வேலையின் சுத்தம் எனக்கே வியப்பாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. எட்டுதானே வைத்தோம்? ஒன்று கூடுதலாக இருந்தால் பிடிப்பு கூடுதலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் சொல்கிற பேச்சா இது?

டிரில்லை வைத்து ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் இறக்கினேன். நூல் பிடித்த மாதிரி ஒன்பது துளைகள். தொழிற்சாலையில்கூட இவ்வளவு நேர்த்தியாக நான் பார்த்ததில்லை.

காரின் அடியில் மறுபடியும் படுத்து, பலகையை முழங்கால்களால் தாங்கி மேலே தூக்கினேன். ஒரு துளையில் ஸ்குருவை நுழைத்தேன். பம்பரின் பிளாஸ்டிக்கில் முட்டியது. அடுத்தது, முட்டியது. அடுத்ததும். பலகையை இடது பக்கம் தள்ளினேன், வலது பக்கம் தள்ளினேன், கெஞ்சினேன். ஒன்பதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இரண்டு கைகளும் மேலே மாட்டிக்கொண்டன. விட்டால் பலகை முகத்தில் விழும், விடாவிட்டால் நான் தீபாவளி வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டும்.

அப்போது துளை ஒன்றிலிருந்து சிவப்பாக என்னவோ உதிர்ந்து நெற்றியில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் வாயில் விழுந்தது. மனைவியின் லிப்ஸ்டிக் இப்படி உதிராது. அதன் வாசனையும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது இங்கே தேவையில்லை. இது வேறு வாசனை. கோயில் வாசனை.

"மாப்ளே" என்று அத்தையின் குரல் கேட்டது. காரின் அடியிலிருந்து எனக்கு அவருடைய பாதங்களும் சேலைக் கரையும் மட்டும் தெரிந்தன. "பொட்டு அழியாம மாட்டுங்க."

"என்னா பொட்டு அத்தை?"

"நீங்க அவசரத்துல குங்குமத்த கண்டபடி அப்பி வெச்சிருந்தீங்க. கையெல்லாம் அழுக்கோட வெச்சீங்களோ என்னமோ, ஒரே எண்ணெப் பிசுக்கு. எல்லாத்தையும் வழிச்சுத் தொடச்சுட்டு ஒழுங்கா வெச்சுட்டேன். சந்தனம் இன்னும் வரல, அதான் வெறும் குங்குமம். எட்டா வெச்சிருந்தீங்க. ரெட்டைப்படையா வைக்கக்கூடாது மாப்ளே, ஒம்போதா வெச்சிருக்கேன்."

நான் குங்குமத்தை விழுங்கினேன்.

"கேக்காம தொட்டுட்டேன்" என்றார். பாதங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. "கோவம் இல்லியே?"

விசிறியைத் தொடவும் கேட்கிற பெண்மணி, எங்கள் வீட்டில் முதல்முறையாகத் தானாக ஒரு பொருளை எடுத்து, தானாக ஒரு வேலையைச் செய்திருக்கிறார். அதில்தான் நான் ஒன்பது ஓட்டை போட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிடம் அந்த ஜிப்புச் சத்தம் கேட்கும்.

"சேச்சே. ரொம்ப அழகா இருக்கு அத்தை" என்றேன், பலகையைத் தாங்கியபடியே.

"நெசமாவா?"

"நான்கூட என்னடா இவ்ளோ நேரா இருக்கேன்னு நெனச்சேன்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பாதங்கள் மலர்ந்த மாதிரி இருந்தது. பாதங்கள் மலருமா என்று கேட்காதீர்கள், அவ்வளவு நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும். அவர் உள்ளே போனதும் பலகையை நெஞ்சின் மேல் இறக்கிக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

மனைவி வந்தபோதும் கிடந்தேன். அவள் பூப்பையோடு குனிந்து பார்த்தாள்.

"நெத்தியில என்னா? சாமி கும்புட்டாச்சா?"

அவளைச் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்துக்கு இழுத்துப் போய்க் குசுகுசுவென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "என் லிப்ஸ்டிக்கா?" பிறகு புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இத்தன நாள்ல இன்னைக்குத்தான் கேக்காம நம்ம வீட்டு சாமான் ஒண்ணத் தொட்டிருக்காங்க."

"அப்ப இத எப்படி மாட்டுறது? சாயங்காலம் பூசை."

"ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பு இருக்குல்ல? இன்னைக்கு ஒரு நாளைக்கு நிக்காதா?"

அப்போது அத்தை பின்கதவில் எட்டிப் பார்த்தார். நாங்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டோம். "தேங்கா எங்கன்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தேங்காயை எடுக்காமலே போய்விட்டார்.

அன்று பகல் முழுவதும் இதே கதைதான். நான் டேப்பு கேட்க மனைவியிடம் போவேன், இருவரும் தலையை ஒட்டிப் பேசுவோம், அத்தை வருவார், நாங்கள் சுவரைப் பார்ப்போம். கத்திரி வேண்டும் என்று நான் முணுமுணுப்பேன், அவள் கண்ணால் ஜாடை காட்டுவாள், திரும்பினால் அத்தை நிற்பார். திருட்டுத்தனம் செய்யத் தெரியாத இருவர் சேர்ந்து செய்கிற திருட்டுத்தனம் எப்படி இருக்குமோ அப்படி. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் நாங்கள் முகத்தைக்கூட மறைக்கவில்லை.

எப்படியோ டேப்பை வரிவரியாக ஒட்டி, பலகையை பம்பரில் அழுத்தி நிறுத்திவிட்டேன். ஓட்டைகள் பம்பருக்கு அடியில் மறைந்துவிட்டன. தெருவிலிருந்து பார்த்தால் கார் கொஞ்சம் முறைப்பது போல நன்றாகவே இருந்தது. அண்ணன்கூடக் கேட்டில் நின்று, "பரவால்ல தம்பி, கடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். நான் தும்மக்கூட பயந்தேன்.

மாலையில் மழை பிடித்தது. போர்ச்சின் தகரத்தில் சடசடவென்று அடித்தது. மனைவி சக்கரங்களின் முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்துக்கொண்டிருந்தாள். நான் சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மழைச் சத்தத்தையும் மீறி உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. சர்ரக்.

அத்தை பையோடு வாசலுக்கு வந்தார்.

"அம்மா, என்னா இது?"

"பூசை முடிஞ்சதும் வாடகைக் காடி ஒண்ணு கூப்புட்டு விடுமா. வெளிச்சம் இருக்கும்போதே போயிடுறேன்."

"மழ பேயுது. இன்னும் சூடம்கூடக் காட்டல."

"அதுக்கு இல்ல." அத்தை சிரிக்க முயன்றார். "உங்க வீட்டுல நீங்க ரெண்டு பேரும் சத்தமாப் பேச முடியல. காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். நான் வந்தா பேச்சு நிக்குது. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல மாப்ளே. ஒரு வீட்டுல அப்படித்தான் ஆகும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். சொன்னால் போய்விடுவார் என்று பயந்துதான் சொல்லவில்லை, சொல்லாததால் போகிறார். என் கையில் சூடத்தட்டு. தொழிற்சாலையில் பெரிய அதிகாரிகளின் எதிரே பக்கம் பக்கமாகக் காரணம் சொல்லத் தெரிந்தவன் நான். அன்று என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் டேப்பு ஒட்டவில்லை.

மழை ஈரமோ என்னவோ, முதலில் கர்ர் என்று உரிகிற சத்தம் வந்தது. பிறகு ஒரு பக்கம் தொங்கியது. பிறகு பலகை மொத்தமாகச் சிமெண்டுத் தரையில் தடாலென்று விழுந்தது. எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு போய் அத்தையின் காலடியில் நின்றது. மூன்று பேரும் பலகையைப் பார்த்தோம். ஒன்பது ஓட்டைகள், நூல் பிடித்த மாதிரி. ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம்.

அத்தை பையைக் கீழே வைத்தார். குனிந்து, ஒரு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுனி சிவந்தது.

"இது நான் வெச்ச பொட்டு" என்றார்.

"ஆமா அத்தை."

"அதுல எதுக்கு ஓட்டை?"

சொல்லிவிட்டேன். லிப்ஸ்டிக், ஊசி, ஹார்ட்வேர் கடை, கீறல் விழுந்த கண்ணாடி, ஒன்பதாவது பொட்டு, துணி துவைக்கிற இடத்துக் குசுகுசு, எல்லாவற்றையும். சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னதால் சாமி முன்னால் சத்தியம் செய்கிறவன் மாதிரி இருந்திருப்பேன்.

அத்தை நிமிர்ந்தார்.

"அறிவு இருக்கா உங்களுக்கு?"

நாங்கள் திடுக்கிட்டோம். அந்தக் குரலை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. மனைவிக்கு மட்டும் சின்ன வயதில் கேட்ட பழக்கம் இருந்திருக்க வேண்டும். சட்டென்று நேராக நின்றாள்.

"குங்குமப் பொட்டுல போயி யாராச்சும் ஓட்டை போடுவாங்களா? கண்ணு எங்க இருந்துச்சு? ஒம்போது இருக்கேன்னு எண்ணத் தெரிஞ்சுது, ஏன் ஒம்போதுன்னு கேக்கத் தெரியல? ஃபேக்டரியில அப்படி என்னாதான் வேல பாக்குறீங்க?"

"ஓட்டை சரியான எடத்துல இருக்கான்னு பாக்குற வேல அத்தை."

மனைவி வெடித்துவிட்டாள். காரின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அத்தை அவள் பக்கம் திரும்பினார். "நீ என்னாடி இளிக்கிற? புருஷன் கெடுத்தா பொண்டாட்டி மூடி மறைக்கிறதா? காலையிலயே சொல்லியிருந்தா நான் இப்படி மனசு ஒடிஞ்சு பையத் தூக்கியிருப்பேனா? எனக்கு என்னா, காது கேக்காதா, கண்ணு தெரியாதா?"

மழையையும் பொருட்படுத்தாமல் பக்கத்து வீட்டு அண்ணன் குடையோடு வேலிக்கு வந்துவிட்டார். "தம்பி, அடி பலமா?"

"நீங்க உள்ள போங்க!" என்று அத்தை அவரையும் ஒரு அதட்டு அதட்டினார். அண்ணன் போய்விட்டார். அண்ணன் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு குரல் இறங்கியது. பலகையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேட்காமல் உட்கார்ந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"நாந்தானே கெடுத்தேன்" என்றார். "நான் தொடாம இருந்திருந்தா நீங்க ஒழுங்கா மாட்டியிருப்பீங்க."

ஒழுங்காக மாட்டியிருப்பேன் என்று என்னை நம்பியவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

"வந்த எடத்துல ஒரு சாமானக் கெடுத்துப் போட்டுட்டு ஓடிட்டான்னு எனக்குப் பேரு வேணாம். இது சரியாகி, காடியில ஒழுங்கா மாட்டி, நான் கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் நான் எங்கயும் போறதா இல்ல."

மனைவி சிரிப்பதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கட்டளை இருந்தது. எனக்கு வாழ்க்கையில் எளிதாகப் புரிந்த கட்டளை அது ஒன்றுதான்.

"கொஞ்ச நாள் ஆகும் அத்தை" என்றேன்.

"ஆகட்டும்."

அன்று கார் பழைய பிய்ந்த உதட்டோடுதான் பூசை ஏற்றுக்கொண்டது. ஸ்பிளிட்டர் தனியாக நாற்காலிகளின் மேல் கிடந்து மாலை போட்டுக்கொண்டது. அத்தை அதற்குச் சந்தனம் வைத்து, ஓட்டைகளுக்குப் பக்கத்தில் மறுபடியும் குங்குமம் வைத்தார். "இதுல ஓட்டை போட்டுறாதீங்க" என்று எனக்கு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் மாக் மண்டின் பட்டறைக்கு ஒருமுறை போய்க் கேட்டேன். அந்த ஒன்பதையும் அடைத்து, புதிதாக எட்டு போட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் மாட்டித் தந்துவிடுவதாகச் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பலகை இன்னும் போர்ச்சுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. தெருவுக்கே வேடிக்கை. "தம்பி, உதடு பேசுதா?" என்று அண்ணன் தினமும் கேட்கிறார். தொழிற்சாலையில் ஒருவன் என் முதுகில் சிவப்புப் பொட்டு ஒட்டிவிட்டான். நான் அதோடு பாலத்தைக் கடந்து வீடு வரை வந்தேன். எட்டு ஸ்குரு போடத் தெரியாதவன் என்று எனக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பதில் சொல்ல வழியில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் அத்தையின் காதுக்குப் போகும்.

அத்தை இப்போது ஜன்னலைக் கேட்காமல் சாத்துகிறார். என் கிச்சன் அலமாரிக் கதவைத் திட்டிக்கொண்டே முழங்காலால் சாத்துகிறார். பை மட்டும் இன்னும் கட்டிலின் காலடியில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பலகையைத் துடைத்துப் பொட்டு வைக்கிறார். போன வெள்ளிக்கிழமையும் வைத்துக்கொண்டிருந்தார், நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னா மாப்ளே, எப்ப மாட்டப் போறீங்க?"

"ஸ்க்ரூவக் காணோம் அத்தை."

இது பொய் இல்லை. எட்டு ஸ்குருக்களும் இருந்த சின்னப் பொட்டலத்தை, பூசை முடிந்த மறுநாள் செருப்பு அலமாரியின் பின்னால் நானே ஒளித்து வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அங்கே இல்லை. மனைவியைக் கேட்டேன், எடுக்கவில்லை என்று சத்தியம் செய்கிறாள். வீடு முழுவதும் தேடிவிட்டேன். தேடாதது ஒரே ஒரு இடம்தான். மாமியாரின் பையைத் திறந்து பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

"நல்லாத் தேடிப் பாத்தீங்களா?" என்றார்.

"எல்லா எடமும் பாத்தாச்சு."

"எல்லா எடமுமா?" என்று கேட்டுவிட்டு, ஒன்பதாவது பொட்டை நிதானமாக வைத்தார். "சரி விடுங்க. கெடைக்கும்போது கெடைக்கட்டும்."